இவர் பிறந்த நாடும் என் பழைய சிநேகிதியும்

கலியாணம் முடித்த பெண் கணவனின் ஊரை அறிந்திருக்க வேண்டும் என்று எமது பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஊரின் கோயில், குளம், சொந்தபந்தம், சண்டை சச்சரவு எல்லாம் தெரிந்தால்தான் கணவனையும் தெரிந்துகொள்ளலாம் என்பது அவர்களின் கணக்கு. எனக்குக் கலியாணமாகிப் பதினொரு வருடங்கள் கழித்துத்தான், 2025 ஏப்ரல் பாடசாலை விடுமுறையில், அந்த வாய்ப்புக் கிடைத்தது. ஏனென்றால் என் கணவரின் ஊர் இந்தியாவில் இருக்கிறது.

இவர் இந்தியர் அல்லர். இவருடைய தாய் தகப்பன் இருவரும் மன்னாரைச் சேர்ந்தவர்கள். 1984 டிசெம்பரில் மன்னாரில் நடந்த படுகொலைக்குப் பின்னர் பயந்துபோய், 1985இல் படகேறி இராமேஸ்வரம் கரையில் இறங்கினார்கள். இவர் பிறந்தது 1986இல், மண்டபம் முகாமில். பிறகு திருச்சிப் பக்கமாக உள்ள ஒரு முகாமுக்கு அனுப்பப்பட்டு, இருபத்தைந்து வயது வரை அங்கேயே வளர்ந்தார். 2011இல் தாயுடன் திரும்பி வந்தார். அவருக்கு அது திரும்பி வருவதே அல்ல. வாழ்க்கையில் முதற்தடவையாக இலங்கை மண்ணை மிதித்தார் என்பதே சரி.

1983இல் இருந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட எமது மக்கள் இப்படித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். 1983, 1990, 1995, 2006 என்று யுத்தம் கூடும்போதெல்லாம் படகுகள் போயின. பலர் திரும்பி வந்துவிட்டார்கள். 2021இல் தமிழக அரசு வெளியிட்ட கணக்கின்படி ஏறக்குறைய 58,000 பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களிலும், 34,000 பேர் முகாம்களுக்கு வெளியேயும் இருந்தார்கள். இந்தக் கட்டுரையை வாசிக்கும் உங்களில் பலருக்கும் அங்கே ஒரு சகோதரியோ, மச்சாளோ, பழைய அயல்வீட்டுக்காரியோ இருக்கக்கூடும். அதனால்தான் இந்தப் பயணத்தைப் பற்றி எழுத நினைத்தேன்.

தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். எங்கள் சனம் ஓர் இரவில் கடந்த கடல் அது. ஆனால் கடவுச்சீட்டோடு போகிறவர்களுக்கு அந்த வழி இல்லை. 1964 டிசெம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பல், யுத்தம் தொடங்கியதோடு நின்றுபோனது. இப்போது காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குப் பயணிகள் கப்பல் உண்டு. 2023 ஒக்டோபரில் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்ட்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. நாங்கள் மன்னாரில் இருந்து யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து காங்கேசன்துறை போய், நான்கு மணித்தியாலத்துக்கு மேல் கடலில் இருந்து, வாந்தி எடுத்த மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நாகபட்டினத்தில் இறங்கினோம்.

இவருடைய கடவுச்சீட்டில் பிறந்த இடம் மண்டபம் என்று இருக்கிறது. கையில் இருப்பதோ சுற்றுலா விசா. முத்திரை குத்திய அதிகாரி அதைப் பார்த்துவிட்டு இவரை நிமிர்ந்து பார்த்தார். “பொறந்தது இங்கயா?” என்று கேட்டார். “ஆமா சார்” என்றார் இவர். எங்கள் வீட்டில் ஒருநாளும் வராத அந்த “ஆமா சார்” அன்று தானாக வந்தது. எட்டு வயது மகள் வெளியே வந்ததும் கேட்டாள்: “அப்பா, அப்ப இது உங்கட நாடா?” இவர் பதில் சொல்லாமல் பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மகளின் கேள்வி சின்னப்பிள்ளைக் கேள்வி அல்ல. 1987 யூலை 1ஆம் திகதிக்கு முன்னர் இந்தியாவில் பிறந்தவர்கள், தாய் தகப்பன் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள் என்பது அந்நாட்டுச் சட்டம். 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இவர் அந்தப் பெண்ணின் வயதுக்காரர், அதே முகாமில் பிறந்தவர். ஆனால் இருபத்தைந்து வருடம் அகதி அட்டையோடு வாழ்ந்தபோது எவரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை. இன்று அவர் இலங்கைக் குடிமகன். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. “அப்பவே தெரிஞ்சிருந்தா அப்பா கொஞ்சம் நிமிந்து நடந்திருப்பார்” என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

மாமனார் 2004இல் அங்கேயே இறந்து, முகாமுக்குப் பக்கத்துக் கிராமத்துச் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார். மாமிக்கு இப்போது கடல் கடந்து பயணம் செய்யும் வலு இல்லை. கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சிலுவையைத் திருத்திவிட்டு வரவேண்டும் என்று எங்களிடம் சொல்லி அனுப்பியிருந்தார். முகாமுக்குள் வெளியார் விரும்பியபடி போய்த் தங்க முடியாது, அனுமதி எடுக்க வேண்டும். அதனால் இவருடைய பள்ளித் தோழர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். அந்தத் தோழர் உள்ளூர்க்காரர், கடை வைத்திருக்கிறார். வாசலில் கண்டதும் “டேய் சிலோன், எத்தன வருசம்டா!” என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, மனதில் ஏதோ பிசைவதுபோலும் இருந்தது. மன்னாரில் எங்கள் ஒழுங்கையில் இவருக்கு “இந்தியாக்காரன்” என்று பெயர். வந்த புதிதில் இவருடைய பேச்சைக் கேட்டுக் கடையில் நின்றவர்கள் சிரித்ததாகச் சொல்லியிருக்கிறார். இங்கே வந்தால் “சிலோன்”. இரண்டு ஊரிலும் மற்ற ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகிற மனிதனோடுதான் நான் இத்தனை காலமும் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அன்று மாலை இவர் அந்தத் தோழர்களோடு தேநீர்க் கடை வாங்கில் இருந்து, கையைத் தட்டித் தட்டிச் சிரித்துப் பேசியதைப் பார்த்தேன். வீட்டில் இவர் அதிகம் பேசாதவர். சுபாவமே அதுதான் என்று நினைத்திருந்தேன். பேசுவதற்கு ஆட்கள் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தார்கள் என்பது இப்போதுதான் விளங்கியது.

அந்தத் தோழர்களில் ஒருவர் இன்னும் முகாமில் இருக்கிறார். கட்டடப் பொறியியல் படித்தவர். வேலை கேட்டுப் போன இடங்களில் அகதி அட்டையைக் கண்டதும் “அப்புறம் சொல்றோம்” என்றார்களாம். இப்போது வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறார். முகாம் ஆண்களில் மிகப் பலருக்கு அதுதான் தொழில். “கட்டடம் கட்டப் படிச்சேன், கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறேன்” என்று பகிடியாகச் சொன்னார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை.

முகாம் வாழ்க்கையைப் பற்றி அந்த மனைவி எனக்கு நிறையச் சொன்னார். பத்தடிக்குப் பத்தடி அறையில் மூன்று பிள்ளைகளோடு இருந்ததையும், வளர்ந்த பெண்பிள்ளை உடை மாற்றுவதற்கு ஆண்கள் எல்லோரும் எழும்பி வெளியே போகவேண்டி இருந்ததையும் சொன்னார். உதவிப் பணம் கொடுக்கும் நாட்களில் ஆட்களைக் கணக்கெடுப்பார்கள், அன்று வேலைக்குப் போன இடத்தில் இருந்தாலும் ஓடி வரவேண்டும். 2021இல் தமிழக அரசு 7,000க்கும் அதிகமான வீடுகளைப் புதிதாகக் கட்டுவதாக அறிவித்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாவாக இருந்த உதவியை 1,500 ஆகவும், மற்றப் பெரியவர்களுக்கு 750இல் இருந்து 1,000 ஆகவும், சிறுவர்களுக்கு 400இல் இருந்து 500 ஆகவும் கூட்டியது. “புது வீட்ல கதவ மூடுனா மூடுது அக்கா” என்றார் அவர். ஒரு பெண்ணுக்குக் கதவு மூடுவது எவ்வளவு பெரிய விடயம் என்பதை, மனிக் பாம் கூடாரங்களில் இருந்த எமது பெண்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சேமக்காலையில் மாமனாரின் கல்லறையைச் சுற்றிப் புல் வளர்ந்திருந்தது. இவரும் அந்தப் பெயின்ற் அடிக்கும் தோழரும் காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் வேலையை முடித்தார்கள். தோழர் கூலி பேசவில்லை, பெயின்ற்றும் தானே கொண்டுவந்தார்.

இனி என் சிநேகிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உயர்தர வகுப்பில் நாங்கள் மூன்று பேர் ஒரே வாங்கில் இருந்தோம். விடுதியில் பிள்ளைகளை ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். எனக்கு ஒரு பக்கத்தில் பேசாலைக்காரி, மறுபக்கத்தில் அடம்பன்காரி. 2006 யூன் மாதம் பேசாலைத் தேவாலயத்தில் தஞ்சமிருந்த மக்கள் மீது தாக்குதல் நடந்த பிறகு, பேசாலைக்காரி தாயுடனும் தம்பியுடனும் படகேறிப் போய்விட்டாள். படகோட்டி அவர்களைக் கரையில் இறக்கவில்லை, நடுக்கடல் மணல்திட்டு ஒன்றில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். அடம்பன்காரி வீட்டுக்குப் போன இடத்தில் உயிலங்குளம் பாதை மூடப்பட்டு, அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். பிறகு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனாள். 2009இல் அவளுடைய கணவர் காணாமற்போனார். இன்று வரை தேடுகிறாள். மன்னார் நகரில் நின்ற நான் மட்டும் பல்கலைக்கழகம் போனேன். கெட்டித்தனத்தில் அவர்கள் இருவரும் எனக்கு மேல்.

சமூகவியல் வகுப்பில் இடப்பெயர்வைப் பற்றிப் படிக்கும்போது தள்ளுகைக் காரணிகள், இழுவைக் காரணிகள் என்று இரண்டு நிரல் போட்டு எழுதுவோம். ஒரே வாங்கில் இருந்த மூவர் மூன்று திசைக்குப் போனதற்கு, அந்த வாரம் யார் எந்தப் பாதையில் நின்றார்கள் என்பதைவிட வேறு காரணம் இல்லை. அது எந்த நிரலிலும் வராது.

அடம்பன்காரிக்குப் பேசாலைக்காரி மேல் நீண்டகாலம் கோபம் இருந்தது. “அவள் தப்பிப் போயிற்றாள், நாங்கள் செத்தோம்” என்று 2010இல் மீள்குடியேறி வந்தபோது என்னிடம் சொன்னாள். இந்தக் கோபத்தை என் வேலையிலும் அடிக்கடி காண்கிறேன். போனவர்களுக்கு எல்லாம் கிடைத்தது என்று நின்றவர்கள் நினைக்கிறார்கள். நின்றவர்களுக்கு வீட்டுத்திட்டமும் காணியும் கிடைத்தது என்று போனவர்கள் நினைக்கிறார்கள். ஆனாலும் நான் இந்தியா போகிறேன் என்றதும் அடம்பன்காரி ஒரு குட்டான் பனங்கட்டியைக் கொண்டுவந்து தந்தாள். “அவளுக்கு விருப்பம்” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மண்டபம் முகாமில் இருக்கும் பேசாலைக்காரி அங்கே சொல்லிவிட்டு, ஆறேழு மணித்தியாலம் பஸ்ஸில் இருந்து வேளாங்கண்ணிக்கு வந்தாள். பத்தொன்பது வருடம். கோயில் வாசலில் ஆயிரம் பேர் நின்றார்கள். அவளை நடையில் கண்டுபிடித்தேன். கூடவே பதினாறு வயது மகளும் வந்திருந்தாள். கட்டிப்பிடித்து அழுவோம் என்று நினைத்திருந்தேன். “என்னடி இப்படி உடம்பு வைச்சிற்றாய்” என்று அவள் கேட்க, சிரிப்பில்தான் தொடங்கியது. அழுகை பிறகு, பனங்கட்டிக் குட்டானை அவள் கையில் கொடுத்தபோது வந்தது.

அவளும் ஒன்று கொண்டு வந்திருந்தாள். 2005 விளையாட்டுப் போட்டியில் நாங்கள் மூவரும் நின்ற படம். படகேறும்போது பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு போனதாம். “இது அடம்பனுக்குக் குடு. அவளிட்ட ஒரு படமும் இருக்காது” என்றாள். உண்மைதான். மாத்தளன் வரை ஒவ்வொரு பையாகப் போட்டுவிட்டு ஓடியவளிடம், யுத்தத்துக்கு முந்திய தன் முகம் ஒன்றுகூட இல்லை.

வட்ஸ்அப்பில் இருவரையும் பேச வைத்தேன். முதலில் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அடம்பன்காரி, “அங்க மீன் என்ன விலை?” என்று கேட்டாள். மீன் விலையில் இருந்து பிள்ளைகளுக்கு வந்து, பிள்ளைகளில் இருந்து விடுதியில் நாங்கள் களவாக மாங்காய் பிடுங்கிய கதைக்கு வந்தார்கள். பழைய கோபத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் தொடர்பு அறுந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களாகவே பேசுகிறார்கள், என்னைச் சேர்ப்பதில்லை.

அன்றிரவு விடுதி அறையில் மகள்மார் தூங்கிய பிறகு, பேசாலைக்காரி கேட்டாள்: “நீ சமூக வேலை செய்யிறனி. உண்மையைச் சொல்லு. நாங்கள் வரலாமா?”

தாய் பேசாலையில் கண்மூட வேண்டும் என்கிறாள். முகாமில் கலியாணம் முடித்த கணவரோ சம்பூர்க்காரர். சம்பூர்க் காணிகள் 2015, 2016இல் விடப்பட்டபோது அவருடைய அண்ணன் போய் இருந்துவிட்டார். அப்படியானால் எந்த ஊருக்கு? மகளைக் கேட்டால், “எனக்கு அங்க யாரைம்மா தெரியும்? பிளஸ் டூ முடிக்காம எங்கயும் வரமாட்டேன்” என்கிறாள். ஒருதடவை வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று நாம் சுலபமாகச் சொல்வோம். அவளால் அது முடியாது. படகில் வந்தவர்களுக்குக் கடவுச்சீட்டும் இல்லை, விசாவும் இல்லை. வெளியேறுவதற்கே அனுமதி வேண்டும். வெளியேறியபின் அகதியாகத் திரும்பிப் போக வழியில்லை. அவளுக்குப் போவது என்றால் போவதுதான். என்னைப்போல இரண்டு கிழமை சுற்றுலா விசாவில் வந்து கண்ணீர் விட்டுப் போக முடியாது.

வா என்றும் நான் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து, நன்றாக ஊன்றிய குடும்பங்களையும் எனக்குத் தெரியும். வந்து, காணியும் வேலையும் இல்லாமல், 2022 நெருக்கடியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி படகேறியவர்களையும் எனக்குத் தெரியும். அதனால் முடிவுக்கு முன்பு செய்யக்கூடிய காரியங்களை மட்டும் சொன்னேன்.

முதலாவது, பிள்ளைகளின் பிறப்பு. இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு அந்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்து, இலங்கைப் பிரஜாவுரிமையை உறுதிசெய்ய வேண்டும். மகளுக்குச் செய்திருந்தாள், மகனுக்குச் செய்யவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் இதைச் செய்துவை என்றேன். பதியாத பிள்ளை இரண்டு நாட்டுக்கும் இல்லாத பிள்ளையாகிவிடும்.

இரண்டாவது, காணி. தகப்பனுடைய காணி அரச அனுமதிப்பத்திரக் காணி. அது தம்பிக்குத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். பின்னுரித்தாளி நியமிக்கப்படாத காணியில் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்த பழைய ஒழுங்கு, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தால் மாற்றப்பட்டது. பெண்பிள்ளைக்கும் இப்போது சம உரிமை உண்டு. இதை அவள் அறிந்திருக்கவில்லை. இங்கே இருக்கும் எம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

மூன்றாவது, அவளால் வந்து பார்க்க முடியாததை அவளுக்காக நான் பார்ப்பது. மே மாதம் நான் பேசாலைக்குப் போனேன். அந்தக் காணியில் தூரத்துச் சொந்தக் குடும்பம் ஒன்று குடில் போட்டு இருக்கிறது. அவர்களும் இடம்பெயர்ந்து வந்தவர்கள்தான். கிணறு நல்ல நிலையில் இருக்கிறது, வீடு அத்திவாரம் மட்டுமே. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரித்தேன். கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, படங்களோடு அனுப்பினேன். நல்லதை மட்டும் எழுதியிருந்தால் அவள் சந்தோஷப்பட்டிருப்பாள். ஆனால் ஒரு குடும்பத்தின் முடிவு அதில் தங்கியிருக்கிறது.

தோழியரே, உங்களிடமும் இதையே கேட்கிறேன். அக்கரையில் உங்களுக்கு ஒருத்தி இருந்தால் அவளுக்குப் பேசுங்கள். “நீ தப்பிவிட்டாய்” என்றோ, “உனக்கென்ன, இங்கே வந்தால் வீடு கிடைக்கும்” என்றோ சொல்லாதீர்கள். அவள் காணி எப்படி இருக்கிறது, ஊர்ப் பாடசாலையில் என்னென்ன வகுப்பு உண்டு, கூலி எவ்வளவு, அரிசி என்ன விலை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பத்திரம் ஏதும் உங்கள் பெட்டியில் இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். முடிவை அவள் எடுக்கட்டும். வராமல் இருக்க முடிவெடுத்தாலும் அவள் எங்களவள்தான்.

என் கணவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவருக்கு இரண்டு ஊர் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டபின் எங்கள் வீட்டில் பேச்சுக் கூடியிருக்கிறது. பெயின்ற் தோழரோடு இரவில் நீண்ட நேரம் பேசுகிறார். நான் இடையில் தேநீர் வைத்துக் கொடுக்கிறேன்.

படத்தை அடம்பன்காரியிடம் கொடுத்துவிட்டேன். மகனின் பதிவுக்குரிய விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டதாகப் பேசாலைக்காரி செய்தி அனுப்பியிருக்கிறாள். மகளின் பரீட்சை முடியும் வரை வேறு எதையும் தீர்மானிப்பதில்லை என்று வீட்டில் பேசியிருக்கிறார்கள். தாய்க்குத்தான் பொறுமை இல்லை. காணிக் கிணற்றில் எடுத்த தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா என்று கேட்டு அனுப்பியிருந்தாள். நல்ல தண்ணீர்தான், நான் குடித்துப் பார்த்தேன் என்று பதில் எழுதினேன்.